மதராஸி கலிக்கு ஆபத்தி இல்லை

1

நேற்றோடு நான் தில்லிக்கு வந்து முப்பத்தொன்பது வருஷம் ஆயிற்று. பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் எங்கள் வீட்டில் மறந்துபோகும். நான் ரயிலை விட்டு இறங்கிய நாள் மட்டும் மறக்காது. அன்றைக்கு என் மனைவி வடிவு கேசரி கிளறுவாள். ஒருவன் ஊரை விட்டுப் போன நாளுக்கு இனிப்பா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது நானில்லை, முத்தையாதான்.

அதே ரயிலில் எதிர் இருக்கையில் வந்தவர் முத்தையா. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேர் சட்டைப்பையிலும் ஒரே இலாகாவின் வேலை உத்தரவு. நாக்பூர் தாண்டுவதற்குள் அவர் வீட்டு எலுமிச்சம்பழச் சோற்றை நானும் என் வீட்டு மிளகாய்ப்பொடி இட்லியை அவரும் தின்று தீர்த்திருந்தோம். நான் எட்டு மாதம் மூத்தவன் என்று தெரிந்ததும் 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார். முனிர்காவில் ஒரே அறை, முதல் குளிருக்கு ஒரே ரஜாய். அந்தப் பஞ்சுப் போர்வை யார் பக்கம் எவ்வளவு போயிற்று என்று தினமும் காலையில் பஞ்சாயத்து நடக்கும். பிறகு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த பிளாக். அதற்கும் பிறகு பாலம் பக்கம் ஒரு காலனியில் அடுத்தடுத்த மனை. வீடு கட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவராக எழுப்பினோம். செங்கல் மிச்சம் என்று அவர் சொன்னார். நமக்குள் எதற்கு இரண்டு சுவர் என்று நான் சொன்னேன்.

நேற்றும் வடிவு பழக்கத்தில் இரண்டு வீட்டுக்கான ரவையைப் போட்டுவிட்டாள். கிளறி இறக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இம்புட்டையும் யாரு திங்க?" என்றாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக எங்கள் வீட்டுக் கிண்ணம் எதுவும் அந்த வீட்டுக்குப் போவதில்லை.

2

எங்கள் காலனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோதுமை வயலை மனை போட்டு விற்ற இடம். நாங்கள் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலை நரைத்த பிறகும் சர்க்கார் ஏட்டில் அப்படி ஒரு குடியிருப்பே கிடையாது. சாக்கடை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, ஆனால் ஓட்டு மட்டும் உண்டு. எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஒரே சந்தில் மனை வாங்கினோம். அதனால் அந்தச் சந்துக்கு 'மதராஸி கலி' என்று பெயர் விழுந்துவிட்டது. இங்கே கலி என்றால் சந்து. தபால்காரருக்கும் காய்கறி வண்டிக்காரருக்கும் அதுதான் விலாசம்.

போன வருஷம் ஒரு நல்ல சேதி வந்தது. காலனியை ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், சாக்கடைக் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று. மலை மந்திர் முருகனுக்கு வடிவு பால்குடம் நேர்ந்துகொண்டாள். நல்ல சேதியின் வாலைப் பிடித்துக்கொண்டு 'விகாஸ் சுல்க்' வந்தது. வளர்ச்சிக் கட்டணம். குழாய் வேண்டுமென்றால் காலனிக்காரர்கள் பணம் கட்ட வேண்டும். சரி, கட்டுவோம். யார் எவ்வளவு என்பதில்தான் தகராறு.

கவுன்சிலர்கள் சபையில் இரண்டு கட்சி. மனைக்கு இவ்வளவு என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி வசூலிக்கலாம் என்பது முதல் திட்டம். புதிதாக மாடி எழுப்புகிறவர்களிடம் மாடிக்கு இவ்வளவு என்று வாங்கலாம், பழைய வீட்டுக்காரர்களை விட்டுவிடலாம் என்பது இரண்டாவது. எங்கள் வீட்டில் மூன்று பேர் குளிக்கிறோம். பக்கத்துக் கலியில் பில்டர்கள் பழைய வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பி, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு குடும்பங்களை வைக்கிறார்கள். பெரிய குழாய் யாரால் தேவைப்படுகிறதோ அவர்கள் கட்டட்டும் என்பது எங்கள் வாதம். இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. பில்டர்களுக்கும் புரிந்தது, அதனால்தான் முதல் திட்டத்துக்கு ஓடியாடி ஆள் சேர்த்தார்கள்.

முதல் திட்டம் வந்தால் எங்கள் கலியில் பென்ஷனில் காலம் தள்ளுகிற பாதிப் பேர் வீட்டை விற்க வேண்டியதுதான். வாங்கக் காத்திருப்பதும் அதே பில்டர்கள். இதுதான் விஷயம். வார்டு கமிட்டி ஒரு பொது விசாரணை வைக்கும், கலிக்கு ஒருவர் வந்து கருத்துச் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டு வீடும் சேர்ந்து என்னை அனுப்பியது. உண்மையில் என் பெயரைச் சொன்னது முத்தையாதான்.

"நீங்க பேசினாத்தான் எடுபடும் அண்ணாச்சி. நான் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்கேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எரிகிறது.

3

என் ஹிந்தியைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ். வெளியே கடைத்தெரு ஹிந்தி. "பையா, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்துவதில் தொடங்கி "சோடோ" என்று விட்டுவிடுவதில் முடியும். மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு வைக்கிற ஹிந்திப் பரீட்சையில் முதல் படியை இரண்டாம் தடவை தாண்டினேன், அத்தோடு சரி. முத்தையா மூன்று படியும் தாண்டினார். எங்கள் ஆபீஸில் ஹிந்திப் பிரிவுக்கு மாற்றப்பட்ட ஒரே தமிழர் அவர்தான். பதினோரு வருஷம் கோப்புகளில் ஹிந்தியில் குறிப்பு எழுதினார். வடக்கத்திக்காரர்களே அவரிடம் வந்து இந்த வார்த்தை சரியா என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் ஏதோ என் தம்பி ஐ.ஏ.எஸ். ஆன மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்பிருந்து அவர் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பாடம். 'எங்களுக்கு மறுப்பு இருக்கிறது' என்பதற்கு "ஹமே எதராஸ் ஹை" என்று சொல்லிக் கொடுத்தார். குளிக்கும்போதும் எதராஸ், கீரை ஆயும்போதும் எதராஸ். வடிவு, "அது யாரு எதிராஜ்?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் நகராட்சி வீட்டு வரியை ஏற்றினால் தமுக்கடித்துச் சொல்வார்கள். 'ஆட்சேபணை இருப்போர் மனுச் செய்யலாம்' என்று அந்த ஆள் கத்துவது கடைசி வீடு வரை கேட்கும். சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா மூன்றாம் வகுப்புதான். ஆனால் ஆட்சேபணை என்ற சொல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொரு தடவையும் மனு எழுதுவார், ஒவ்வொரு தடவையும் தள்ளுபடி ஆகும், வீட்டுக்கு வந்து நகராட்சியின் ஏழு தலைமுறையையும் திட்டுவார். அவரும் தோற்றார்தான். ஆனால் எதற்குத் தோற்றோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விசாரணை நடந்தது காலனி முகப்பில் இருக்கிற பராத் கரில். கல்யாண ஊர்வலங்கள் வந்து இறங்குகிற மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துச் செவ்வந்திச் சரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் கமிட்டித் தலைவர், எஞ்சினியர், குறிப்பெழுதும் குமாஸ்தா. முதலில் எஞ்சினியர், கலிக்குள் ஆறடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டப்போவதாக விளக்கினார். எனக்குத் திக்கென்றது. எங்கள் நடுச்சுவருக்கு அஸ்திவாரம் அத்தனை ஆழம் கிடையாது. எழுந்து, "தீவார்? ஹமாரி தீவார்?" என்று கேட்டேன். சுவருக்கு முட்டுக் கொடுப்போம் என்றார். சிலர் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு கலியாகக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தது. நான் டைப் அடித்துக்கொண்டு போயிருந்த இங்கிலீஷ் மனுவைத் தலைவர் வாங்கி, பார்க்காமலேயே ஒரு ஃபைலுக்கு அடியில் வைத்தார். கையிலிருந்த தாளில் பார்த்து முதல் திட்டத்தை மளமளவென்று வாசித்தார். நிமிர்ந்து கேட்டார்:

"தோ மதராஸி கலி கோ கோயி ஆபத்தி தோ நஹீ?"

என் காதில் ஆபத்து என்று விழுந்தது. சுவரைப் பற்றித்தான் கேட்கிறார், ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தமிழும் சமஸ்கிருதமும் அங்கங்கே கைகோத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே பிடிக்கும். இந்தச் சபையில் எனக்குப் புரிகிற வார்த்தை ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷம். ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு முத்தையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை இலேசாக அசைத்தார்.

"நஹீ ஜி," என்றேன் கம்பீரமாக. "கோயி ஆபத்தி நஹீ."

தலைவர் முகம் மலர்ந்து, "பஹுத் அச்சா," என்றார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். எதராஸ் என்று அவர் எப்போது கேட்பார், நான் எப்போது எழுந்து 'ஹை' என்று சொல்வது என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த கலியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் கூச்சல் போட்டபோது தலைவர் எங்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். படித்த பாபுக்கள் என்ற இரண்டு வார்த்தைகள் எனக்குப் புரிந்தன. பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும், "என் மனுவைப் படிப்பாங்களாவே?" என்று முத்தையாவைக் கேட்டேன்.

"படிக்காம? நல்லாப் பேசினிய அண்ணாச்சி," என்றார்.

4

என் மகள் பெயர் கோமதி. சங்கரன்கோவில் அம்மன் பெயர். காலேஜில் அவள் கோமல் ஆகிவிட்டாள். குர்காவ்னில் போனில் பேசுகிற வேலை, அங்கே அமெரிக்கக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் வைத்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று வடிவு அந்தக் காலத்தில் மன்றாடினாள். பஸ் தூரம் என்று நான்தான் மறுத்தேன். இந்த எழுத்தையும் அவள் படிக்கப் போவதில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்து முதல் திட்டம் நிறைவேறியது. பராத் கர் சுவரில் விசாரணைக் குறிப்பின் நகலை ஒட்டியிருந்தார்கள். என் மனுவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் விரலை வைத்து வேகமாகப் படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அப்பா, நீங்க ஆபத்தி நஹீன்னு ஏன் சொன்னீங்க?"

"ஆபத்து இல்லைன்னுதாம்மா சொன்னேன். சுவருக்கு."

"ஆபத்து இல்லப்பா, ஆபத்தி. அப்ஜெக்‌ஷன்! இங்க எழுதியிருக்கு பாருங்க. மதராஸி கலியின் ஸ்ரீ சங்கரன்ஜி, எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை என்று கூறினார். எல்லா கலியிலயும் ஆபத்தி சொன்னாங்க. நாம மட்டும்தான் இல்லைன்னு சொல்லியிருக்கோம்."

அந்த வரியில் என் பெயரை எழுத்துக் கூட்டித் தேடினேன்.

"ஸ்கூல்ல டிபேட்ல தினம் வர்ற வேர்ட்ப்பா இது. ஞாபகம் இல்ல? பாவக்காய் வச்சா எனக்கு ஆபத்தி இருக்குன்னு நான் சொல்வேன். நீங்களும் முத்தையா அங்கிளும் சிரிப்பீங்க."

ஞாபகம் இருந்தது. பாகற்காயைப் பிள்ளை ஆபத்து என்கிறாள், தமிழ் எப்படித் தேய்ந்துவிட்டது பார் என்று மலை மந்திரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். முத்தையாவும் கூடச் சிரித்தார். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"டென்ஷன் எடுக்காதீங்கப்பா," என்று கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹோதா ஹை." இப்படியெல்லாம் நடப்பதுதான் என்கிறாள்.

5

கலியில் சேதி பரவ அரை நாள் ஆகவில்லை. முனை வீட்டில் ராஜம்மா அக்கா இருந்தார். நாகர்கோவில்காரர், சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வாசலில் நின்று சத்தமில்லாமல் கேட்டார்.

"உங்கள நம்பித்தானே சார் அனுப்பினோம்? ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

வார்த்தை புரியவில்லை என்று சொன்னேன். தில்லியில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிற காரணமா அது? அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சங்கரன் சார் பில்டரிடம் ஏதோ வாங்கிவிட்டார் என்று பின்வீட்டில் பேசிக்கொண்டது வடிவு காதுக்கே வந்தது. ராஜம்மா அக்கா இரண்டு மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார். போகும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் போனார்.

முத்தையாவைப் பால் பூத்தில் பிடித்தேன்.

"ஏன்வே, பக்கத்துலதான இருந்தீரு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? நீங்க யோசிச்சுத்தான் சொல்லுதியன்னு நெனச்சேன். அம்புட்டுப் பேரு முன்னால பெரியவுக பேச்சுல நான் குறுக்க விழ முடியுமா? அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாதுன்னு நான் கனவா கண்டேன்?"

"அப்ப எனக்கு எதராஸ்னு ஏன் சொல்லிக் குடுத்தீரு?"

"அதுதான் உங்க வாயில நிக்கும்னு."

பாதி நம்பினேன். நம்பாவிட்டால் ஒரு ரயில் பெட்டி, ஒரு ரஜாய், ஒரு சுவர் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் பில்டரின் ஆட்கள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நாலு மாடி. இரண்டு மாடி அவருக்கு, இரண்டு பில்டருக்கு. விகாஸ் சுல்க்கைப் பில்டரே கட்டிவிடுவார். ஒப்பந்தம் எப்போது போட்டது என்று கேட்டேன். அளக்க வந்தவர் வெள்ளந்தியாகச் சொன்னார், விசாரணைக்கு மூன்று வாரம் முன்பு என்று.

அன்றிலிருந்துதான் கிண்ணம் போவதில்லை. அப்போதும் ஒரு மூலையில், பணத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டார், ஆனால் நான் என்ன நினைத்துக்கொண்டு 'நஹீ' என்றேன் என்பது அவருக்குத் தெரியாது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அந்த ஒரு இழை மிச்சமிருந்தது.

6

நேற்றுச் சாயங்காலம் வாசல் கேட் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி!"

முத்தையா. தேதி அவருக்கு ஞாபகம் இருக்கிறது, வந்துவிட்டார். உள்ளே கேசரி இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ராஜம்மா அக்காவையும் மறந்தேன், நாலு மாடியையும் மறந்தேன்.

"வாரும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மதினி சௌக்கியமா?" என்று உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவையும் மேலே வைத்தார். ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என்னது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நடுச்சுவத்த இடிச்சுக் கட்டணும்லா, அதுக்கு. உங்க சுவத்துக்கு ஆபத்து ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கு. கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

தாளை எடுத்தேன். ஹிந்தி. பரீட்சையில் முதல் படியை இரண்டாம் தடவை தாண்டியவன் எழுத்துக் கூட்டுகிற மாதிரி கூட்டினேன். தலைப்பில் தடித்த எழுத்து. அ, னா, ப, த்தி. அனாபத்தி. மறுப்பில்லை என்பதற்கான சான்றிதழ்.

ஆபத்து ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். அன்றைக்கு மண்டபத்தில் என் காதில் எது விழுந்ததோ, என் மனதில் எது ஓடியதோ, அதே வார்த்தையை அப்படியே எடுத்து என்னிடம் நீட்டுகிறார். சுவர் என்று நான் நினைத்தது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தபோதே தெரிந்திருக்கிறது. மிச்சமிருந்த இழையும் போயிற்று.

திட்டியிருக்கலாம். திருநெல்வேலித் தமிழில் திட்டுவதற்கு என்ன பஞ்சம்! எங்கள் அப்பா நகராட்சியைத் திட்டியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதெல்லாம் நம் ஆளைத் திட்டுகிற பேச்சு. அதை இவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பேனாவை எடுத்து அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் ஹிந்தியில் பேசினேன்.

"முஜே ஆபத்தி ஹை."

முத்தையா என்னைப் பார்த்தார். தாளை மெதுவாக நாலாக மடித்தார். எழுந்துகொண்டார்.

"டீக் ஹை, சங்கரன்ஜி," என்றார். "ஜைஸி ஆப்கி மர்ஸி." சரி, உங்கள் இஷ்டம்.

கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக் கேட் திறந்து மூடுகிற சத்தமும் கேட்டது.

வடிவு கையில் கேசரிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். சும்மா கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"தம்பி சத்தம் மாதிரி கேட்டுச்சேன்னு கேசரி எடுத்துட்டு வாரேன். பெறவு பாத்தா இந்தி கேக்கு. யாரு வந்தது?"

"இந்திக்காரரு ஒருத்தரு," என்றேன்.

"நம்ம வீட்டுக்கா? எதுக்கு?"

நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன். அவள் கிண்ணத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.